சேற்றில் இறங்கிய விருந்தாளி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் ஒரு மனிதர் இடுப்பளவு சேற்றில் புதைந்து நின்றார். அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு என்னைப் பற்றி நல்லபடியாக ஏதாவது எழுதும் சபலம் வராது.

வங்கியில் கணினி வந்த கையோடு எங்களில் பலரை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு எங்களுடையது. வீட்டில் சும்மா இருந்தால் மனைவி தேங்காய் துருவச் சொல்கிறாள் என்பதால், தஞ்சாவூரில் சுற்றுலாத் தொழில் பற்றி நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். இயற்கையைக் கெடுக்காதே, ஊர் வழக்கத்தை மதி, இணையத்தில் கண்ணில் படு. இந்த மூன்றையும் கற்றுக்கொண்டு, ஒரு சணல் பையோடும் சான்றிதழோடும் ஆலோசகராக வெளியே வந்தேன். ஆலோசனை சொல்ல ஓர் ஆள்தான் பாக்கி.

அகப்பட்டவர் பாய். பதினாறு வருடம் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, படகு ஒன்று வாங்கி, வருகிறவர்களைக் கோரையாற்றின் வழியாக லகூன் என்கிற கடல் ஏரிக்குள் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். யாராவது உதவி செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவருக்கு ஓர் இணையதளம் செய்தேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்து படகில் ஒரு மண்பானை வைத்தேன். தர்காவில் செருப்பைக் கழற்றுங்கள், தோளை மூடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று விருந்தாளிகளுக்குப் பத்து விதிகள் எழுதினேன். கடைசியாக மோட்டாரில் கை வைத்தேன். அந்தச் சத்தம் பறவைகளைக் கலைக்கிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"மோட்டார் இல்லாம எப்புடி சார்?" என்றார் பாய்.

"கழி ஊனிப் போங்க பாய். அதுதானே பாரம்பரியம்."

"எங்க வாப்பா கழிதான் ஊனுனாரு. கை காச்சுப்போயி மோட்டார் வாங்குனாரு. அதுவும் பாரம்பரியம்தான் சார்."

சிரித்துக்கொண்டே மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைத்தார். அவர் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் முன்பதிவு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற கணவன், மனைவி. தேதியைப் பார்த்த பாயின் முகம் மாறியது.

"வெள்ளிக்கெழமையா? அன்னைக்கு ஜும்மா தொழுகை முடியற வரைக்கும் ஒரு படகும் உள்ள போகாதே சார்."

இணையதளத்தின் நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருட வங்கிப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. பத்து விதிகள் எழுதியவனுக்கு இது ஒன்று தோன்றவில்லை.

"நான் என்ன பேங்கா சார் நடத்துறேன்?" என்றார் பாய். பிறகு, முதன்முதலில் வருகிற ஆளைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல், "விடியக்காலமே போயிடுவோம். பத்தரைக்கெல்லாம் கரை ஏறிடணும்" என்றார்.

போனோம். கழி ஊன்றி மெதுவாக. சத்தமில்லை, புகையில்லை. பூநாரைகள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பெருமை எனக்குத் தொண்டைவரை ஏறியிருந்தது. பாய் இரண்டு முறை, "தண்ணி வடியுது சார், கெளம்பலாம்" என்றார். இரண்டு முறையும் நான்தான், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாய்" என்றேன்.

திரும்பும்போது ஒரு குறுகலான வாய்க்காலில் படகு நின்றது. பாய் கழியில் முழு எடையையும் போட்டுத் தள்ளினார். அசையவில்லை.

"உக்காந்துருச்சு சார்."

"எப்ப எந்திரிக்கும்?"

"இனி கடல் தண்ணி ஏறுனாத்தான்."

செல்போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. எங்கள் படகை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கணினியில் பார்க்கலாம். நாங்கள் இருந்த இடத்தில் எங்களைப் பார்க்க யாருமில்லை.

அப்போதுதான் அந்த அம்மாளின் கணவரான பெரியவர், இறங்கித் தள்ளிவிடுகிறேன் என்று சொல்லி, யாரும் கை நீட்டுவதற்குள் படகை விட்டு இறங்கிவிட்டார். அவருடைய ஊரில் ஏரிக்கு அடியில் கூழாங்கல் இருக்குமாம். முதல் அடியில் முழங்கால் போனது. சிரித்தார். அடுத்த அடியில் தொடை போனது. காலை இழுக்கப் பார்த்தார், இடுப்பு போனது. சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், அவரை ஆடாம இருக்கச் சொல்லுங்க. ஆட ஆட உள்ள வாங்கும். தண்ணி திரும்பி வர்றதுக்குள்ள எடுத்தாகணும்."

"எடுக்கலைன்னா?"

"அதை எதுக்கு சார் இப்ப கேக்குறீங்க?"

அந்த அம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் என்னை நம்பவில்லை.

மற்ற நாளாயிருந்தால் நண்டு வலை போடுகிறவர்கள் நாலு பேராவது கூப்பிடு தூரத்தில் இருந்திருப்பார்கள். அன்று எல்லோரும் குளித்து வெள்ளை உடுத்திப் பள்ளிவாசலுக்குப் போகிற நாள். நான் கத்தினேன். ஒரு நாரை திரும்பிப் பார்த்தது.

பாய் படகில் உட்காரப் போட்டிருந்த இரண்டு பலகைகளையும் பெயர்த்துச் சேற்றின்மேல் போட்டார். ஒன்றில் தான் குப்புறப் படுத்துக்கொண்டு, மற்றொன்றைக் காட்டினார். "நீங்களும் படுங்க சார். நிக்காதீங்க, முட்டி போடாதீங்க. பல்லி மாதிரி போங்க."

எனக்கு நீச்சல் தெரியாது. வங்கி கொடுத்த தொப்பை வேறு. பெரியவர் கையை நீட்டியதால் படுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வெயிலிலும் அவர் கை சில்லென்று இருந்தது. என் கண்ணையே பார்த்தார். பார்க்காமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

பாய் அவருடைய காலை ஒட்டிக் கையை விட்டு, சேற்றை வாரி வாரி எறிந்தார். தோண்டிய குழி அவர் கண்முன்னாலேயே மூடியது. மண்பானையிலிருந்த குடிதண்ணீரை அந்தக் குழியில் ஊற்றி மறுபடியும் தோண்டினார். காலை மெல்ல மெல்ல அசைக்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கடிகாரம் கட்டிய கை சேற்றுக்குள் இருந்தது.

தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது. பாயின் கை ஒரு கணம் நின்றது.

"பாய்..." என்றேன். மேற்கொண்டு என்ன சொல்ல இருந்தேனோ தெரியவில்லை.

"நீங்க கையை விட்டுறாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தோண்டினார்.

அப்போது பார்த்தேன். அலையாத்தி வேர்கள் குச்சி குச்சியாக நிமிர்ந்திருந்த பக்கத்திலிருந்து, விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீர். படகுக்கு அதுதான் விடுதலை, இவருக்கு அதுதான் முடிவு. பெரியவரும் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டில் அவர் பிடி இறுகியது. பலகைக்கு அடியில் ஈரம் ஊறி, என் சட்டை நனைந்து, தண்ணீர் அவருடைய மார்பைத் தொட்டது.

அந்தத் தண்ணீர்தான் சேற்றை இளக்கியது. வலது கால் ஒரு பெரிய சத்தத்தோடு மேலே வந்தது, செருப்பில்லாமல். பாய் அவரைப் பலகையில் மல்லாக்கச் சாய்த்து, இடது காலுக்குத் தோள்வரை கையை விட்டார். பாயின் முகவாய் தண்ணீரில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி இழுத்தார். அதுவும் வந்தது. படகு வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மாள் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்து, ஓங்கி ஓர் அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

கரையில், தொழுகை முடிந்து வந்திருந்த பாயின் மச்சான் எங்கள் மூன்று பேரின் கோலத்தையும் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஜும்மாவை விட்டுட்டு நாத்து நட போயிட்டியா?"

பாய் அடிபம்புக்குப் போனார். நான் படகிலிருந்து எழுந்திருக்கவில்லை. என் மணிக்கட்டில் பெரியவரின் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்து நீலமாகக் கன்றியிருந்தன. ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். தூக்கத்தில் படுக்கையைத் துழாவுகிறேன் என்று மனைவி சொன்னாள்.

மறு வாரம் பாயும் நானும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

"மொத வரியில ஒண்ணு போடணும் சார். படகை விட்டு எறங்காதீங்க."

"முகப்பிலேயே அதைப் போட்டா பயந்துருவாங்க பாய்."

"பயப்படட்டும்."

"சரி, கொஞ்சம் நயமா..."

"நயமெல்லாம் வேணாம் சார். பெருசா போடுங்க."

போட்டேன். பூநாரைப் படத்துக்கு மேலே, சிவப்பு எழுத்தில், என்னால் முடிந்த அளவு பெரிதாக.