மாலைக்குப் பதில் குலவை

எனக்குப் பிறக்கும்போதே நெஞ்சில் ஓட்டை. மதுரையில் வைத்து ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். செலவு எங்களுடையது இல்லை. சாமி பாட்டுப் பாடும் ஒரு பாட்டுக்காரம்மா, கச்சேரியில் வரும் பணத்தை என்னைப் போன்ற பிள்ளைகளின் ஆபரேஷனுக்கே கொடுத்துவிடுவார்கள்.

அவர்கள் அருப்புக்கோட்டையில் பாட வருகிறார்கள் என்று கேட்டதும், அம்மா பருத்திக் காட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தாள். ஒரு மாலை போட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். எனக்கு அப்போது ஏழு வயது.

எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறினோம். மாலை ஈரத்துணிக்குள் அம்மாவின் மடியில் இருந்தது. இது கச்சேரி, முளைப்பாரி இல்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முளைப்பாரிக்கு அம்மா போடும் குலவை பக்கத்து ஊர் வரை கேட்கும். அப்பாவுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

மண்டப வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மாலையை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டார். மேடைக்குப் பெரிய ஆட்கள்தான் போகலாமாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

பாட்டுக்காரம்மா கண்ணை மூடி, ஆத்தாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடினார்கள். எனக்குத் தூக்கம் வந்தது. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது.

மண்டபமே திரும்பியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பாட்டு நின்றுபோனது. அம்மா நிறுத்தவில்லை. முழுசாகப் போட்டு முடித்துத்தான் வாயை மூடினாள்.

பாட்டுக்காரம்மா கண்ணைத் திறந்து கடைசி வரிசையைப் பார்த்தார்கள். மைக்கில், "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்கள்.

அம்மா எழுந்து நின்று போட்டாள். அது முடிந்த இடத்தில் அவர்கள் பாட்டை எடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா, "மாலைய விட்டுட்டு வந்துட்டியே" என்றார்.

"அதான் போட்டாச்சுல்ல" என்றாள் அம்மா.

சாமி வரும்போதுதானே குலவை போடுவார்கள் என்று நான் கேட்டேன். ஆமாம் என்றாள்.

"அப்ப சாமி வந்துச்சா?"

"வந்துச்சு."

நான் பார்க்கவே இல்லையே, எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டேன். அம்மா, ஜன்னல் காற்று நெஞ்சில் அடிக்கிறது என்று என் கவுனின் மேல்பொத்தானை மாட்டிவிட்டாள்.