சக்கரத்துக்குத் தேங்காயெண்ணெய்

பதுளைக் கடைவீதியில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கிய ஜவுளிக்கடைக்காரர் என் வீட்டுக்காரர்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, ஓடி ஓய்ந்துபோன தன் வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரத் தொட்டி வேறு. அதில் என்னை ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போன அன்று வீதியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. "பொண்டாட்டிய அண்டாவுல வச்சுக் கொண்டு போறாருடா" என்று எதிர்க்கடையில் யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்புறம் நான் அந்தத் தொட்டியில் கால் வைக்கவில்லை.

அந்தத் தை மாதம் என் அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கலியாணமாகி நான் கடல் தாண்டி வந்தபிறகு அவர் என்னைப் பார்க்க வருவது அதுதான் முதல்முறை. திருச்சிப் பக்கம் எங்கள் ஊரில் ஆசாரத்துக்குப் பேர்போனவர் அவர். கண்டிச்சீமைக்குப் பெண்ணைக் கொடுத்தால் அவள் கண்டவர்களோடும் புழங்கி, கண்டதையும் தொட்டுக்கொண்டு கிடப்பாள் என்று சொந்தக்காரர்கள் ஓதியும் கேட்காமல் என்னை இங்கே கொடுத்தவர். அவர்கள் சொன்னது பொய் என்று அவரே கண்ணால் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி. வாசல்படியைக்கூடச் சாணி போட்டு இரண்டு தரம் மெழுகினேன்.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து பதுளைக்கு மாட்டுவண்டிதான். இவர் சும்மா இருப்பாரா?

"மாமாவ நானே போய் வண்டியில கூட்டியாறேன்" என்றார்.

"வேணாங்க. அப்பா வயசுக்கு அந்தத் தொட்டியில உக்காந்து வரணுமா?"

"தொரைமார் உக்காந்த எடம். உங்கப்பாவுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

ஆனால் வண்டிக்கே ஒரு குறை இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் கடகடவென்று ஆடியது. அப்பா வருவதற்கு முதல் நாள் காலையில் இவர் கடை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். கஜக்கோல் பிடிக்கிற கையில் திருகுசாவி! அச்சாணி மரையைக் கழற்றி, சக்கரத்தை உருவி, அதன் நடுக்குடத்துக்குள்ளிருந்த இரும்புக் குண்டுகளை ஒரு தாம்பாளத்தில் உருட்டினார். அதுவும் நான் சீர் கொண்டுவந்த தாம்பாளம். மண்ணெண்ணெயில் கழுவக் கழுவக் கறுப்பாய் அழுக்கு இறங்கியது. சேலை எடுக்க வந்தவர்கள் ஏதோ கொல்லன் பட்டறைக்கு வந்துவிட்டது போல் திகைத்து நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கழுவிய குண்டுகளை மறுபடி வைக்க, தோட்டத்து ஃபேக்டரியிலிருந்து ஒரு டின் கிரீஸ் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் என் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னடா அது, வாடை அடிக்குது? எதுல செஞ்சது?"

இவருக்குப் பொய் வராது. "மாட்டுக் கொழுப்பும் சேரும்னு சொல்றாங்கம்மா."

அவ்வளவுதான். சைவ வீட்டு வாசலில் மாட்டுக் கொழுப்பா என்று மாமியார் ஆட, நானும் ஒத்து ஊதினேன். ஊதினேன் என்ன, அவரைவிடப் பலமாகவே ஊதினேன். "எங்கப்பா உக்காரப்போற வண்டிங்க. அவருக்குத் தெரிஞ்சா வாசப்படி மிதிப்பாரா?" என்றேன். டின் சாக்கடை ஓரம் போனது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சட்டியை நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

தை மாதக் காலைக் குளிரில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. பார்க்கிறதுக்குக் கிரீஸ் மாதிரியேதான். இவர் விரலால் வழித்துக் குடத்தில் அப்பினார். குண்டுகள் அதில் அழகாக ஒட்டிக்கொண்டு நின்றன. குண்டுகளை அமுக்கிப் பிடிக்கிற கோனைத் திருகி இறுக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது."

வாசனையும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் குளிரோடு குளிராகக் கிளம்பிப் போனவர் உச்சிவேளையாகியும் வரவில்லை. சோறு ஆறி, குழம்பு ஆறி, நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வீதிக்கோடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வண்டி வந்தது. ஓடி வரவில்லை, தள்ளி வந்தார்கள். பதுளைக்குச் சாமான் வாங்க வந்துகொண்டிருந்த தோட்டத்துச் சனங்கள் ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக, தலையில் வெயிலுக்குப் போட்ட சாக்கு மடிப்போடு தள்ளினார்கள். முன்சக்கரம் குடிகாரன் போல ஆடியது. இவர் வேர்த்து விறுவிறுத்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தொட்டிக்குள் என் அப்பா, திருநீறு கலைந்து, காலிக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமி சப்பரம் வருது, தேங்கா ஒடைங்கடா!" என்றான் ஒருவன். வீதி முழுக்கச் சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

நடந்தது இதுதான். வெயில் ஏற ஏற, வண்டி மலையிலிருந்து கீழே இறங்க இறங்க, எண்ணெய் உருகிக் கம்பி வழியாக ஒழுகிப் போய்விட்டது. காய்ந்த குண்டுகள் ஒன்றையொன்று அரைத்து நொறுங்கி, வழியில் ஹாலிஎல ஊருக்கு மேலேயே வண்டி படுத்துவிட்டது. அங்கிருந்து இந்தச் சனங்கள் தள்ளியிருக்கிறார்கள்.

அப்பாவை உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். மாமியார் என்னிடம், "வண்டி தள்ளுனவங்களுக்குத் தண்ணி ஊத்து" என்றார். எப்படி ஊற்றுவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் படிமேல் நின்றேன். அவர்கள் கீழே சாக்கடை ஓரம் வரிசையாகக் குனிந்து கையேந்தினார்கள். சொம்பு யார் கையிலும் படாமல் உயரத் தூக்கி ஊற்றினேன். அப்பா பார்க்கிற மாதிரிதான் நின்று ஊற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொம்பு காலியானதும் மறுபடி நிரப்ப உள்ளே போனேன். அப்பாவுக்கு வெள்ளி டம்ளரில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிங்கப்பா. தொண்டை காஞ்சிருக்குமே."

"வேணாம்மா. வழியில குடிச்சேன்."

"கூஜா காலியால்ல இருக்கு?"

அவர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமியார் அங்கே இலை நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"மயக்கம் வந்துருச்சும்மா. தள்ளிட்டு வந்ததுல ஒரு பொம்பள தன் சொம்ப நீட்டுனா. வாய் வச்சே குடிச்சேன். சம்பந்திக்குத் தெரிய வேணாம்."

அவர் தலை நிமிரவில்லை. என் அப்பா என்னிடம் கெஞ்சி அதற்கு முன் நான் கண்டதில்லை.

நிறைத்த சொம்போடு வாசலுக்கு வந்தேன். குடிக்காமல் மிச்சமிருந்தது ஒரு பெண் மட்டும்தான். பக்கத்தில் அவள் மூட்டை, மூட்டைமேல் நசுங்கிய பித்தளைச் சொம்பு. எந்தப் பொம்பளை என்று அப்பாவை நான் கேட்கத் தேவையில்லாமல் போனது. சொம்பை அவள் கையில் கொடுத்துவிடலாம். ஒரு படி இறங்கினால் போதும். மாமியார் அரிவாள்மணையை விட்டு எழுந்து கதவோரம் வந்து நின்றார்.

நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவளே குனிந்து கையேந்திவிட்டாள்.

"ஊத்துங்கம்மா" என்றாள்.

ஊற்றினேன். உயரத் தூக்கித்தான் ஊற்றினேன்.

அப்பா பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். தன் பெண் ஆசாரம் குறையாத வீட்டில்தான் வாழ்கிறாள், தன் கண்ணாலேயே பார்த்தேன் என்று ஊர் முழுக்கச் சொன்னாராம். நான் ஆசைப்பட்டதும் அதைத்தான்.