டி.வி. அந்தப் பக்கம், ஓட்டு இந்தப் பக்கம்

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆந்திர எல்லையில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமம். நான் உள்ளே நுழையும்போது மாமா டி.வி. முன்னால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் ஓர் எம்.பி. அமைச்சரைப் பார்த்துக் கையை நீட்டி, தமிழில் விளாசிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான், நம்ம எம்.பி. எப்படிப் பேசிக்கினு கீறாரு. இவரு மட்டும் இல்லன்னா நமக்காக எவன் கேப்பான்?"

எனக்குக் குழப்பம். "மாமா, அவர் தமிழ்நாட்டு எம்.பி. நீங்க அவருக்கா ஓட்டுப் போட்டீங்க?"

மாமா டி.வி.யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட, ஆமால்ல... அப்போ நம்மாளு இன்னா பண்றாரு?"

சிரிக்காதீர்கள். எங்கள் எல்லைப் பக்கத்தில் இது சகஜம். சீரியலுக்காகத் தமிழ் சேனல் வாங்குகிறோம், கூடவே தமிழ்நாட்டு எம்.பி.க்களும் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்டுகிறோம், கொண்டாடுகிறோம். நாம் ஓட்டுப் போட்டவர் தெலுங்கு சேனலில் எங்கேயோ இருக்கிறார். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு வாராவாரம் உங்களுக்கு உபதேசம் செய்கிற எனக்கும் என் எம்.பி. என்ன பேசினார் என்று தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

மாமா வெறும் பொழுதுபோக்குக்காக டி.வி. பார்க்கவில்லை. அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, திருப்பதி ஆஸ்பத்திரியில். முன்பு காலை ரயில் அவர்கள் ஊரிலேயே நிற்கும். ஏறினால் திருப்பதி. இப்போது நிற்பதில்லை. புத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பி வரும்போது அக்காவால் கம்பியைப் பிடித்து நிற்கக்கூட முடியாது. இந்த ரயிலைப் பற்றி டெல்லியில் யாராவது ஒருவர் வாயைத் திறக்கமாட்டாரா? அதற்காகத்தான் மனிதர் காத்திருக்கிறார்.

"நீ பேப்பர்ல எழுதறவன்தானே. நம்மாளு வேலை செய்றாரா, தூங்கிக்கினு கீறாரான்னு பாத்துச் சொல்லு."

மாட்டிக்கொண்டேன். போனில் நாடாளுமன்ற வெப்சைட்டைத் திறந்தேன். எல்லாமே இருக்கிறது — வருகை, கேள்விகள், விவாதங்கள். மார்க் போடுவது சுலபம் என்று மாமாவிடம் சொல்லியும்விட்டேன்.

வருகை பரவாயில்லை. ஆனால் சபை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்ட நாளில் கையெழுத்துப் போட்டவரும் வந்தவர்தானே? விவாதங்களில் பேச்சு குறைவு. ஃபெயில் போடலாமா? கதவை மூடிக்கொண்டு நடக்கும் கமிட்டிக் கூட்டத்தில் அவர் வேலை பார்த்திருந்தால்? அதை எந்த டி.வி.யும் காட்டுவதில்லையே. சரி, ஒருவரை விடுங்கள், மொத்த சபைக்கும் மார்க் போடலாம் என்று பார்த்தேன். மளமளவென்று சட்டம் போட்டால் அது சுறுசுறுப்பா, அவசரமா? நாள் கணக்கில் விவாதித்தால் பொறுப்பா, இழுத்தடிப்பா?

தலை சுற்றியது. அக்கா கொடுத்த காபியும் ஆறிவிட்டது.

அப்போதுதான் கண்ணில் பட்டது — எழுத்துமூலம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி. எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களில் ரயில் மறுபடி நிற்குமா? கேட்டவர் வேறு யாருமில்லை, மாமா ஓட்டுப் போட்ட அந்தச் சத்தமில்லாத எம்.பி.தான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கீழே அமைச்சரின் பதில்: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. "பாவம்பா. அவரைப் போயி இன்னா திட்டு திட்டினு இருந்தேன்."

நான் விடவில்லை, மேலும் தேடினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் சபையில் சொன்னால் அது சும்மா பேச்சில்லையாம். வாக்குறுதிக் கணக்கில் சேருமாம். நிறைவேற்றினார்களா என்று துரத்திக் கேட்க எம்.பி.க்களின் கமிட்டியே ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் எழுதுகிறேன், இது எனக்கே தெரியாது. பெருமையாக மாமாவுக்கு விளக்கினேன். கேள்வி கேட்டாயிற்று. பதில் வந்தாயிற்று. பதிலைக் கண்காணிக்கவும் ஆள் இருக்கிறது.

"எல்லாம் சரே மச்சான்," என்றார் மாமா. "ரயிலு நிக்குதா, லேதா?"

நான் போனைப் பார்த்தேன். அதில் அதற்குப் பதில் இல்லை.

கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, அந்தக் கமிட்டிக்கு ஒரு லெட்டர் போடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு யாரனா ஒருத்தரு வந்து நம்ம ஸ்டேஷன்ல என்கூட நிக்கட்டும். ரயிலு நிக்குதான்னு பாத்துட்டு, அவுங்களே மார்க் போட்டுக்கட்டும்."

லெட்டரை எழுதி அனுப்பிவிட்டேன். எப்படி மார்க் போடுவது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை... ஆனால் பரீட்சை ஹால் டெல்லியில் இல்லை என்பது மட்டும் புரிந்துவிட்டது.