அண்ணன் ஏறிய மரங்களும் நானா பிடித்த கயிறும்

எங்கள் அண்ணனின் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

அண்ணனைப் பற்றி எழுதி அச்சிட வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும், வீட்டிலிருந்தவர்கள் ஒரே வாயாக, "காசிம் நானாகிட்ட கேட்டு எழுதுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் நான். காசிம் நானா கண்டிக்கு அருகே திகன என்ற ஊரில் பிறந்த வண்டிக்காரர். ஆகவே நான் ஒருவரிடமும் கேளாமல், எனக்குத் தெரிந்ததை வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

அண்ணன் மதுரைச் சீமையில், மழை பொய்த்துப்போன ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா இறந்தபின், கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்ட வந்த கங்காணியின் பின்னால் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு தோணி ஏறினார். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தோம். பாதி வழியில் பேதி கண்டு அம்மா இறந்துபோனார். அண்ணனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாத்தளை வரை நடந்தார். சின்னவனை வழியில் எவரிடமாவது விட்டுவிட்டு வரும்படி கூட வந்தவர்கள் சொன்னார்களாம். அண்ணன் என்னை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாராம். இதை அண்ணன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. காசிம் நானா வாயால்தான் கேட்டேன். என்னைப் பற்றிய செய்தி எனக்கு அவர் வழியாக வந்தது.

பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் காடு வெட்டும் கூட்டத்தில் அண்ணனைச் சேர்த்தார்கள். கோப்பி நடுவதற்காக மலை மலையாய் வெட்டிச் சாய்த்த காலம் அது. எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், எது வெளியே பச்சையாக நின்று உள்ளே உளுத்துக் கோறையாகிவிட்டது என்பதெல்லாம் அண்ணனுக்கு அங்கேதான் பழகியது. தாம் கோடரி பிடித்தாலும் என்னைக் கோடரி தொட விடவில்லை. கண்டியில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

பிறகு கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்தது. இலை உதிர்ந்து தோட்டம் தோட்டமாக மொட்டையானது. துரைமார் கப்பலேறினார்கள். தோட்டத்துச் சனம் பிழைப்புத் தேடி நாலா பக்கமும் சிதறியது. அண்ணன் கண்டிக்கு வந்து, நகரைச் சுற்றியிருந்த வீடுகளில் வயதான மரங்களைப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார். ஓட்டின் மேல் சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவார். பட்டுப்போன கிளையை மட்டும் கழித்து வெட்டுவாயில் தார் பூசுவார். தாழ்ந்த கொப்புக்கு முட்டுக் கொடுப்பார். வெட்டச் சொல்லி அழைத்த இடத்திலும் மரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் நிக்கும், விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அண்ணி அவரைக் கைப்பிடித்தது அந்த நாட்களில்தான்.

காசிம் நானா வந்து சேர்ந்ததும் அப்போதே. அவர் கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிக்காரர். ஏற்ற மூட்டை இல்லாமல் போனதும், மாடுகளையும் வடக்கயிறுகளையும் கொண்டு அண்ணனோடு கூட்டுச் சேர்ந்தார். திகனப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரனை நானா என்பார்கள். அண்ணனும் அவரை அப்படியே அழைத்தார். அவர் அண்ணனைத் தம்பி என்றார். எனக்கு அண்ணனாக இருந்தவர் வேறொருவருக்குத் தம்பியாகிப் போனார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் அவர்களோடு போனேன். மரம் ஏறுபவர் அண்ணன். வெட்டும் கிளையைக் கயிற்றில் கட்டி இறக்க, கீழே நின்று அதைத் தாங்கிப் பிடிப்பவர் நானா. அண்ணனின் இடுப்புக் கயிறும் அவர் கையில்தான் இருக்கும். விழுந்த கிளைகளை இழுத்து அடுக்குவது என் வேலை. எத்தனையோ தடவை கயிற்றைக் கேட்டேன். அண்ணன் தரவில்லை.

மகாவலிக் கரையில் ஒரு துரைசாணியின் வீடு இருந்தது. துரை இறந்தபின்னும் அந்த அம்மாள் ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டைச் சுற்றிய வளவில் மூன்று கிழட்டு மரங்கள். முற்றத்தில் ஒரு மா. ஆற்றோரம் இரண்டு மருது. ஒரு மழையில் மருதங்கிளை முறிந்து சமையல் நடக்கும் குசினியின் கூரையில் விழுந்தது. அந்த அம்மாள் பயந்துபோய் எங்களுக்கு ஆளனுப்பினார்.

"மூணும் வெட்டு. ஒண்ணும் வேணாம்" என்றார்.

அண்ணன் மூன்றையும் சுற்றிப் பார்த்தார். "மாமரம் உள்ளுக்குள்ள கோறைங்க, அது போகட்டும். வீட்டுப் பக்கம் சாஞ்ச மருதும் போகட்டும். அந்தக் கடைசி மருத வெட்டுனா கரையும் அதோட போயிரும். வேருதான் மண்ணப் புடிச்சிருக்கு."

"விழுந்தா?"

"பாரத்தக் கொறைச்சு விடுறேன். வருசா வருசம் வந்து பாக்குறேன்."

துரைசாணி கரை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சம்மதித்தார்.

சாய்ந்த மருதை இறக்கும் நாளில் நான் அண்ணனை மறித்துக்கொண்டு நின்றேன். "இன்னைக்கு நான் கயிறு புடிக்கிறேன்ணே."

"நீ கெளைய அடுக்கு."

"எப்பவும் நானாதானா? நான் ஒங்க தம்பியில்லையா?"

அண்ணன் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நானா என்னைப் பார்க்காமல் கயிற்றை அடிமரத்தில் சுற்றினார்.

நடுப்பகலுக்குள் பாதிக் கிளைகள் இறங்கின. பிறகு அண்ணன் நின்றிருந்த கொப்பே சடசடவென்று முறிந்தது. அண்ணன் அந்தரத்தில் தொங்கினார். நானா கயிற்றோடு இழுபட்டு மண்ணில் விழுந்தார், ஆனாலும் கையை விடவில்லை. நான் கிளையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அவருக்குப் பின்னால் அதே கயிற்றைப் பிடித்து, காலை வேரில் உதைத்து நின்றேன். இருவருமாகத்தான் அண்ணனை மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கினோம். நானாவின் உள்ளங்கை இரண்டும் உரிந்து இரத்தம் வழிந்தது. துரைசாணி தாமே வெந்நீர் கொண்டுவந்து அவர் கையைக் கழுவித் துணி சுற்றினார். அக்கம்பக்கத்தார் கூடி, "நானா இல்லாட்டி இன்னைக்கு என்ன ஆயிருக்கும்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். பின்னால் நின்று பிடித்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையும் சிவந்துதான் இருந்தது. அதை நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன்தான் பேச்செடுத்தார்.

"கோவமாடா?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"நீ கீழ கயிறு புடிச்சா எனக்கு வேல ஓடாதுடா. கெளை எங்க விழுது, நீ எங்க நிக்கிற, அதத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நானா புடிச்சா நான் மரத்தப் பாப்பேன்."

கேட்ட நேரத்தில் மனம் குளிர்ந்தது என்பது உண்மை. ஆனாலும் கயிறு என் கைக்கு வரவில்லை. அடுத்த மாதமே பிலிமத்தலாவையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார். அவர்கள் இருவரும் மரங்களோடு மரங்களாகத் தொடர்ந்தார்கள். அடுத்த பெருமழையில் மகாவலி பொங்கி, பக்கத்து வளவின் கரையை வேலியோடு கொண்டுபோனது. துரைசாணியின் கரை அப்படியே நின்றது. அந்தச் செய்தியும் எனக்கு ஊர்வாயாகத்தான் வந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறாமல் வருடந்தோறும் போய் அந்த மருதின் பாரத்தைக் குறைத்து வந்தார். போகும்போதெல்லாம் அருகில் இருந்தவர் நானா.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு மார்புச்சளி கண்டது. கடையில் சொல்லிவிட்டு நான் வந்து படுக்கை அருகிலேயே இருந்தேன். நானா திகனவிலிருந்து நாள்தோறும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நானா வந்துட்டாரா?" என்பதுதான். "இன்னும் வரலண்ணே" என்று நான் சொல்வேன். வந்தபின் இருவரும் எந்த வீட்டு மரத்தில் கறையான் ஏறியிருக்கிறது, எந்தக் கொப்பை மழைக்கு முன் கழிக்க வேண்டும் என்றே பேசுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒருநாள் காலையில், நானா வந்து சேருமுன், அண்ணியும் நானும் பக்கத்தில் இருக்க, அண்ணனின் மூச்சு அடங்கியது. அன்று ஒருநாள் மட்டும் நான் அவரை முந்திக்கொண்டேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்தபின் நானா என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்:

"ஒங்கட அண்ணன் மரத்துல ஏறினாலும் ஒங்கட கததான், எறங்கினாலும் ஒங்கட கததான். தம்பி எழுத்துப் படிச்சிட்டான், தம்பிக்கு இருமல் ஈக்கி, தம்பி கடையில நல்லா நிக்கிறான். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. எனக்கும் கூடப்பொறந்தவங்க ஈக்கிறாங்க. ஒருத்தராவது என்னப் பத்தி இப்பிடிப் பேசினதில்ல."

"பொறாமையா நானா?"

"பொறாமதான். மறைக்க என்ன ஈக்கி?"

நான் அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். "சாகுற வரைக்கும் கண்ணு தொறந்தா ஒங்களத்தானே கேட்டாரு" என்றேன். "அது வேலப் பேச்சு" என்றார் அவர். "எங்கிட்ட அந்த வேலப் பேச்சும் இல்லையே" என்றேன் நான். இருவர் குரலும் உயர்ந்தது. அப்போது கோப்பி கொண்டுவந்த அண்ணி, தட்டைக் கையில் வைத்தபடியே நின்று கேட்டார்:

"என்னப் பத்தி ஒங்க ரெண்டு பேர்ல யாருகிட்டயாச்சும் பேசுனாரா?"

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். அண்ணன் அப்படிப் பேசியதாக எங்கள் இருவருக்கும் நினைவில்லை. அண்ணி கோப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணனுக்கு மருந்து தந்த வைத்தியருக்கும், பன்விலவிலிருந்து நடந்தே வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்த அயலவர்களுக்கும், பூ அனுப்பிய துரைசாணி அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காசிம் நானாவுக்கும் நன்றி. அதை அவருக்குக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

கடைசியாக, இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அண்ணன் ஏதேனும் ஒரு மரத்தைப் பார்க்க வந்திருப்பார். வேலை முடிந்து இளைப்பாறும் நேரத்தில் உங்களோடு பேசியிருப்பார். அந்தப் பேச்சில் அண்ணியைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்து, அது உங்களுக்கு நினைவிருந்தால், தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என்னிடம் வேண்டாம், நானாவிடமும் வேண்டாம். நேரே உள்ளே போய் அண்ணியிடம் சொல்லுங்கள்.