மாவு தின்ற கம்ப்யூட்டர்

கம்பம் ஊரில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்த ஆள் நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் யாராவது கேட்டால் இதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். கல்யாணமான புதிதில் என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அவரே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். இரண்டு மிஷின். ஒன்றில் அரிசியும் கேப்பையும், இன்னொன்றில் மிளகாய் வத்தல், மல்லி, மஞ்சள். காலையில் எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் தெருவே அதிரும். மில்லுக்குள் யாரும் சாதாரணமாகப் பேச முடியாது. அதனாலோ என்னவோ வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா அதிகம் பேச மாட்டார். புருவம், மூக்கு முடி, காது மடல் எல்லாம் வெள்ளையாகத்தான் வருவார். சித்திரை வைகாசியில் மட்டும் சிவப்பாக வருவார். அதுதான் வத்தல் சீசன். கோம்பை, கூடலூர் பக்கத்திலிருந்தெல்லாம் வருடத்துக்கு வேண்டிய வத்தலை மொட்டை மாடியில் காயவைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு எங்கள் மில்லுக்கு வருவார்கள்.

அந்த மில்லின் இடது மூலையை ஒரு பிளைவுட் பலகையால் மறைத்து, அம்மா ஆன்லைன் சென்டர் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது என்று எதற்கும் அம்மாவிடம் வருவார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு மில்லுக்காரர் வீட்டம்மா என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் வந்த ஆறாவது மாதம் கம்ப்யூட்டர் அக்கா ஆகிவிட்டாள். கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அம்மா உடனே திரும்ப மாட்டாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று ரெண்டு எட்டு வைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பிளைவுட் பலகை கூரை வரைக்கும் போகவில்லை. மேலே இரண்டடி இடைவெளி இருந்தது. அது பற்றி யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் அம்மாவைப் போலக் கம்ப்யூட்டரைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் தேனி ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை மஞ்சள் துணியால் துடைப்பாள். பழைய பட்டுச்சேலை முந்தியில் சிபியுவுக்கு உறை தைத்து, சுவிட்ச் மட்டும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தாள். ஓடும்போதும் அந்த உறையைக் கழற்ற மாட்டாள். தூசி பட்டுவிடும் என்பாள். ஆயுத பூஜைக்கு மிஷின்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பின்னால் இருந்த ஓட்டைகள்தான் சந்தனம் அப்ப வசதியான இடம். ஒரு ஓட்டைக்கு ஒரு பொட்டு என்று வரிசையாக நான்தான் வைத்தேன்.

அந்த வருடம் பங்குனியிலிருந்து கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. முதலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை, கடைசியில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. கூடவே பேரிரைச்சல் வேறு. வைரஸ் என்றார்கள். தேனியிலிருந்து பழுது பார்க்கிறவர் ஒருவர் வந்து, உறைக்கு மேலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். மறுநாளும் அணைந்தது. தேனிக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஒரு வாரம் விட வழியில்லை, பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது.

என் மாமா, அம்மாவின் தம்பி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். இன்ஜின் என்று பெயருள்ள எதற்கும் அவரிடம் வைத்தியம் இருக்கும். வந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, எஸ்டேட் பழக்கத்தில் பாதி மலையாளமாகப் பேசினார்.

"ஒரு கொழப்பமும் இல்லக்கா. மேட்டுல ஏறுனா ஜீப்பு காயும்ல, அது கணக்கா இதுவும் காயுது. காத்துல விட்டாச் சரியாப் போகும்."

முதலில் ஈரச் சாக்கைப் போர்த்தலாம் என்றுதான் சொன்னார். அம்மா முறைத்த பிறகு டேபிள் ஃபேனுக்கு இறங்கி வந்தார். வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, பிளைவுட்டை ஒட்டி ஸ்டூல் போட்டு, சிபியுவின் பின்பக்கம் பார்த்து வைத்தார். அன்றிலிருந்து அந்த ஃபேன் மில்லின் காற்றையெல்லாம் இழுத்து இரவு பகலாக கம்ப்யூட்டருக்கு ஊட்டியது. கம்ப்யூட்டர் இன்னும் சீக்கிரமாக அணைந்தது. மாமா வேகத்தை மூன்றில் வைத்தார்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். வத்தலுக்கு இன்னொரு பெரிய மிஷின் வாங்க வேண்டும், வைக்க இடமில்லை என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசல்ட்டுக்கு நாலு நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரிசல்ட் அன்னைக்கும் இது படுத்துக்கிச்சுன்னா பலகையை எடுத்துருவோம். அங்கன வத்தல் மிஷினை இறக்கிக்கிறேன்."

அம்மா கொஞ்ச நேரம் ரசத்தைக் கிளறினாள். பிறகு சரி என்றாள். அம்மா ஒரு விஷயத்துக்கு சண்டை போடாமல் சரி சொல்லி நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். ஒரே ஒரு நாளைக்கு ஒரு சிபியு இரவல் கேட்க. அந்தக் கடைக்காரரைப் பற்றி அம்மா வீட்டில் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவரிடமே கேட்கப் போகிறாள் என்றால் நிலைமை எந்த அளவு என்றும் தெரிந்தது. அப்பா மில்லை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அம்மாவின் அறையில் நான் மட்டும்.

சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். எட்டு நிமிஷத்தில் அணைந்தது. பட்டு உறையைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் மூக்கை வைத்தேன். வறுத்த மாவு வாசனை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சத்துமாவுக்கு வறுப்பார்களே அந்த வாசனைதான், கூடவே கொஞ்சம் வத்தல் நெடி. மில்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மாவு விழுகிற வாய் அடைத்துக்கொண்டால் அரைக்கிற கல் சூடாகும், மாவு கருகும். அப்பா புறங்கையால் மாவைத் தொட்டுப் பார்த்து உடனே மிஷினை நிறுத்துவார். நிறுத்திக் கழற்றிப் பிரஷ் போடுவார். இதற்கும் வாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கழற்றுவதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. பக்கவாட்டுத் தகடும் உடம்பும் சேருகிற இடத்தில், கிழித்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர். விற்றவர்கள் பொறுப்பாக இருந்த காலம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் அம்மா அதைத் தாலுகா ஆபீஸ் சீல் மாதிரி காப்பாற்றி வந்தாள். பிளக்கைப் பிடுங்கினேன். நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தேன். அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு திருகைக் கழற்றித் தகட்டை இழுத்ததும் தும்மல் வந்தது. பதினொரு தும்மல், எண்ணினேன்.

உள்ளே கம்ப்யூட்டரைக் காணவில்லை. எங்கள் மில்தான் இருந்தது. வயர், தகடு எல்லாவற்றின் மேலும் இளஞ்சிவப்பாக ஒரு படிவு. நடுவில் ஒரு குட்டி ஃபேன், அதற்குக் கீழே சீப்புப் பல் மாதிரி தகடுகள். அந்தப் பல்லுக்கு இடையே மாவு இறுகி அடை தட்டிய மாதிரி இருந்தது. ஒரு ஊசி நுழைய இடமில்லை. அப்பா கல்லுக்குப் போடுகிற மெத்தென்ற பிரஷை எடுத்துவந்தேன். அது போகாத இடத்துக்குப் பழைய டூத் பிரஷ். சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தேன். குட்டி ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். பின்பக்க ஓட்டைகளில் காய்ந்திருந்த என் சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வந்ததையெல்லாம் ஒரு பேப்பரில் குவித்தேன். இரண்டு கை கொள்ளும். நிமிர்ந்தபோது அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அடி விழும் என்று நினைத்தேன். அவர் பேப்பருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவைப் பார்த்தால் அவரால் அப்படிச் செய்யாமல் இருக்க முடியாது.

"இது வத்தல். இது மல்லி. அடியில கெடக்கது கேப்பை." இன்னொரு கட்டியை உடைத்தார். "இது இடியாப்பத்துக்கு நைசா அரைச்சது."

அப்புறம் பிளைவுட்டுக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தார். மாமா வைத்த ஃபேனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். இவ்வளவு மாவு வீணாகிவிட்டதே என்று கோபம் போலிருக்கிறது என்று நான் தகட்டை மாட்ட ஆரம்பித்தேன்.

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நாளைக்கு எங்களுக்கே பத்தாது என்று அவர் சொல்லிவிட்டாராம். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்து என் காதைத் திருகினாள். ஒரு கையால் திருகிக்கொண்டே இன்னொரு கையால் சுவிட்சைப் போட்டாள். பத்து நிமிஷம் ஓடியது. அரை மணி ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து அம்மா என் காதைத் தடவிக்கொடுத்தாள். இரைச்சல்கூட இல்லை. பட்டுச்சேலை உறையை அன்று அவள் திரும்ப மாட்டவில்லை. சாயங்காலம் மாமா வந்து தொட்டுப் பார்த்து, "பாத்தியாக்கா, ஃபேன் வச்சதுக்குக் கேட்ருச்சு" என்றார்.

மறுநாள் காலை எங்கள் வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் கூட்டம். பையன்கள், பெண்பிள்ளைகள், கூட வந்த அம்மா அப்பாக்கள். சில பேர் சாமி கும்பிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்கள். ஒரு பாஸ்டர் தன் மகளுக்காக முழங்காலிட்டு ஜெபிக்கக்கூடச் செய்தார். அம்மா நம்பரை அடிப்பாள், மார்க்கைச் சத்தமாக வாசிப்பாள், அழுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாள். கம்ப்யூட்டர் அக்கா, கம்ப்யூட்டர் அக்கா என்று நாலு பக்கமும் சத்தம். நான் பக்கத்தில் நின்று வந்தவர்களிடமெல்லாம் இதை நான்தான் சரி பண்ணினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கூடலூரிலிருந்து வந்திருந்தாள். பாஸானதும் என் கன்னத்தைக் கிள்ளி ஒரு மிட்டாய் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா அன்று மில்லை ஓட்டவில்லை. வத்தல் சீசன் நடுவில், சாக்கும் தூக்குவாளியுமாக வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டு அந்து போச்சுத்தா. தேனிக்கு ஆள் போயிருக்கு. நாளைக்கு வாங்க."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு பெல்ட்டும் முழுசாக இருந்தன. இதற்கு நடுவில் ஒரு தடவை அப்பா, அம்மாவின் அறைக்குள் வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், அந்த டேபிள் ஃபேனை வேறு தூக்கிக்கொண்டு போனார். அம்மா அந்த வெயிலில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறாள், இவர் ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்! கம்ப்யூட்டர் ஜெயித்துவிட்டது, பலகையை எடுக்க முடியவில்லை, அந்தப் பொறாமை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வத்தல் சாக்கோடு நின்ற ஒரு அம்மாவிடம் நானே உரக்கச் சொன்னேன்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு. எங்கப்பா பொய் சொல்றாக!"

வாசலில் நின்ற கூட்டமெல்லாம் சிரித்தது. அந்த அம்மா அப்பாவை நன்றாகத் திட்டிவிட்டுச் சாக்கைத் தலையில் ஏற்றினாள். அப்பா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அசட்டுத்தனமாகச் சிரித்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அம்மா டைப் அடிக்கிற சத்தம் நின்றது. என்னைக் கூப்பிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, வியர்வை என்று நினைத்தேன்.

"வாயை மூடிக்கிட்டு, காபி வாங்கி மொதல்ல அவுகளுக்குக் கொண்டு போய்க் குடு."

சரி பண்ணியது நான், முதல் காபி அவருக்கா என்று முனகிக்கொண்டேதான் கொண்டுபோனேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு கடைசி ஆள் போகும்வரை கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்தேன். புருவத்தில் மாவு இல்லாமல், குளித்த மாதிரி சுத்தமாக, வேறு யாரோ போல உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஜெயித்தவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு உங்க மிஷினையும் நானே கழற்றித் துடைச்சுத் தாரேன் அப்பா என்றேன். அவர் என்னைப் பார்த்து, "சரித்தா" என்றார்.

வருடத்திலேயே அதிகமாக ஓட வேண்டிய நாளில், ஊர் வாயில் பொய்யன் என்ற பேரும் வாங்கிக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பொடிகூடப் பறக்கக்கூடாது என்று அந்த மனுஷன் மில்லை நிறுத்தி வைத்திருந்தார் என்பதை நான் புரிந்துகொள்ள எத்தனையோ வருடம் ஆனது. இன்று அதை நினைத்தால் எனக்கு என் பிரஷ் வேலையைவிட அதில்தான் பெருமை. அன்றைக்கு, கம்ப்யூட்டரை ஓட வைத்தது நான் ஒருத்திதான் என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்கினேன்.