பேசக் கற்றவளும் திறக்காத கதவும்

வெளியே யாருமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எமெலி தன் வீட்டுக் கதவைத் திறப்பாள். கதவிலிருக்கும் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் மாடிப்படி இறங்கி முடிக்கும்வரை நிற்பாள். லின்ஷோப்பிங்கில் பாதி ஊர் இதைத்தான் செய்கிறது. அவர்கள் செய்தால் நாகரிகம், எமெலி செய்தால் நோய். சுவீடனில் இந்த நோயோடு பிறந்துவிட்டால் கண்டுபிடிக்கவே கால் ஆயுள் போய்விடும்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில். காலையில் ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் எல்லாரும் காபி அறையில் வட்டமாக உட்காருவார்கள். எமெலி மட்டும் போகமாட்டாள். அத்தனை கண்களுக்கு நடுவில் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கும், முகம் சிவக்கும், அதைப் பார்த்து எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள் என்று பயம். அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அங்கே மைவோர் இருப்பாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவள். "இங்கதான் கதகதப்பா இருக்கு" என்று பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுப்பாள். பதினோரு வருஷம் இப்படி. சாயங்காலம் ஒரே பஸ். மைவோர் தன் நிறுத்தத்தில் இறங்கிக் கையசைப்பாள். அவள் வீட்டு வாசற்படியை எமெலி மிதித்ததில்லை. ஆனாலும் தனக்காகத்தான் அந்த மனுஷி நல்ல நாற்காலியை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் வந்து உட்காருகிறாள் என்பதில் எமெலிக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வசந்தத்தில் மைவோருக்கு ஓய்வு. அந்த ஊர் விருந்துகளுக்கென்றே செய்யும் பச்சை நிறக் கேக்கை வைத்து, சுற்றி நின்று, ஒருவர் நாலு வார்த்தை பேசி அனுப்புவது வழக்கம். "யாரு பேசறீங்க?" என்று மேலாளர் கிரிஸ்டர் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மைவோரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்! "நான் பேசறேன்" என்று எமெலியின் வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னதைக் கேட்டு அவளே அரண்டுபோனாள்.

இந்தப் பயத்துக்கென்றே இணையத்தில் ஒரு சிகிச்சை இருந்தது. ஒன்பது வாரம் வீட்டிலிருந்தே பாடம் படித்துப் பயிற்சி செய்யலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை வழிகாட்டி ஒருவர் எழுதுவார். எல்லாம் சரி. சேர்வதற்கு முதலில் போன் செய்ய வேண்டுமாம்! நீச்சல் பள்ளியை ஆற்றின் அக்கரையில் கட்டிய மாதிரி. எமெலி எண்ணை அழுத்துவதும் அணைப்பதுமாகப் பல நாள் கழித்தாள். கடைசியில் விடாமல் காத்திருந்து அவள் முறை வந்தபோது இணைப்பு அறுந்தது. போனைச் சோபாவில் விட்டெறிந்து அழுதுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

பயிற்சிகள் அதைவிட எரிச்சல். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். அந்த ஆள் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார். யாரிடமாவது மணி கேட்க வேண்டும். கேட்டாள். காதில் எதையோ மாட்டியிருந்த பெண் வாயைத் திறக்காமல் போன் திரையைக் காட்டினாள். கடையில் வேண்டுமென்றே சில்லறையைக் கொட்டினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் எழுதினால் வழிகாட்டி லூத்விக்கிடமிருந்து வரும் பதில்: "அருமை எமெலி! நல்ல முயற்சி. தொடர்ந்து செய்." அடுத்த வாரமும் அதே அருமை. அதற்கடுத்த வாரமும்.

எமெலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ ஆளா, மெஷினா?" என்று எழுதினாள்.

மறுநாள் பதில் வந்தது. "ஆள்தான். ஆனா டாக்டர் இல்ல. தபால் பிரிக்கிற வேலையில இருந்தேன், இதுக்குக் கொஞ்சம் பயிற்சி குடுத்தாங்க. தப்பா ஏதாவது எழுதிடுவேனோன்னு பயந்து, குடுத்த வாக்கியத்தையே எழுதினேன். என் சொந்த யோசனை கேட்டா: கை நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே பேசு."

அந்த ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. எமெலி துணிக்குவியலைப் பார்த்துப் பேசிப் பழகினாள். ஒருநாள் காபி அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தாள். கோப்பை கடகடத்தது. "பன் எடுத்துக்கோ" என்றார்கள், அவ்வளவுதான். அன்று மைவோர் வண்டிகளுக்குப் பின்னால் தனியாகக் காபி குடித்தாள். அது ஏன் என்று எமெலி யோசிக்கவில்லை.

விழா நாள். பச்சைக் கேக் வந்தது. எமெலி கழுத்துவரை சிவந்துபோய், ஆனால் நிமிர்ந்து நின்றாள். மைவோரைக் காணவில்லை.

"காலையிலயே லாக்கரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. வயித்து வலியாம்" என்றார் கிரிஸ்டர். "அவளுக்கு எல்லா விருந்துக்கும் வயித்து வலிதான். விடு எமெலி, பேசற தொல்லை விட்டுச்சு. கேக்கை வெட்டட்டுமா?"

எல்லாருக்கும் நிம்மதி. எமெலிக்கு அந்தக் கேக்கை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மைவோர் தினமும் நுழைவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்த கட்டடத்திலிருந்து யாரோ வெளியே வர, எமெலி உள்ளே நுழைந்து, கதவில் பெயரைத் தேடி மணியடித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பது அந்த ஊரில் சாதாரண விஷயமில்லை. கதவின் கண்ணாடித் துளை இருண்டது. உள்ளே ஒருத்தி மூச்சை அடக்கி நிற்கிறாள் என்று எமெலிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மைவோர், நீ அங்கதான் நிக்கிற. நான் சொல்லிட்டுத்தான் போவேன். காபி ரூமுக்கு ஏன் வரலைன்னு நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்ல. நீ இல்லேன்னா எப்பவோ வேலையை விட்டுட்டு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்திருப்பேன். இவ்வளவு பேசறதுக்கே கம்ப்யூட்டர்ல ஒன்பது வாரம் பாடம் படிச்சேன். நன்றி." குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே முடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றது உள்ளிருந்து.

"முடிஞ்சுது. திற."

"மாட்டேன். அந்தக் கேக்குக்கு முன்னால நிக்க என்னால முடியாது எமெலி. என்னைக்குமே முடிஞ்சதில்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"எதுக்குச் சொல்லணும்? நீ எனக்காகத்தான் அங்க வந்து உக்கார்றேன்னு நெனச்சேன்."

எமெலி படியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷம்! சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, கோபம்தான் வந்தது.

உள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. "அந்தக் கம்ப்யூட்டர் பாடம்... சேர என்ன பண்ணணும்?"

"முதல்ல போன் பண்ணணும்."

"அப்ப வேண்டாம்."

எமெலி விருட்டென்று எழுந்தாள். தன் போனில் அந்த எண்ணை அழுத்தி, கதவின் நடுவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி, ஒலிக்கும் போனை உள்ளே நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கியது. ஒலி நின்றது. அணைத்த போன் அதே வழியாகத் திரும்பி வந்தது.

எமெலி மறுபடி அழுத்தி, மறுபடி நீட்டினாள்.