விற்காத கட்டு

காயங்குளம் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்கும் புஷ்கரனோடு எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் விலாசினியிடம்தான் போய் நிற்கும். மழை என்பீர்கள். "பெய்யட்டும், அவளுக்கென்ன, ஏஜென்சிக்காரன் பெரிய குடையா பார்த்துக் கொடுத்திருக்கான்" என்பான். மத்தி மீன் விலை ஏறிவிட்டது என்பீர்கள். "மத்தி நமக்குத்தானே? அவ நெய்மீன் வாங்குறவ." அந்த விலாசினி எதிரே, புனலூர் பஸ் நிற்கும் பக்கம் மேசை போட்டு, இவன் விற்கும் அதே அரசாங்க லாட்டரியைத்தான் விற்கிறாள். இவனைப் பற்றி ஒரு தப்பு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் அவனுக்குப் பொறுக்காது.

புஷ்கரன் பிறவிப் பொறாமைக்காரன் இல்லை. கயிற்றுக் கிட்டங்கியில் சுமை தூக்கிய காலத்தில் தானுண்டு தன் பாரமுண்டு என்று இருந்தவன்தான். கிட்டங்கியை இழுத்து மூடியபோது, முதுகும் போய்விட்ட நிலையில், உட்கார்ந்து செய்கிற வேலை என்று இதற்கு வந்தான். உட்கார்ந்து செய்கிற வேலையா இது? காலையில் ஏஜென்சியில் கைக்காசு போட்டு கட்டு எடுக்க வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், திருப்பிக் கொடுக்க முடியாது. மதியம் மூன்று மணிக்குக் குலுக்கல். அதற்குள் விற்றால் லாபம், விற்காமல் தங்கினால் அந்தச் சீட்டு விற்பவன் தலையில். மூன்று அடித்துவிட்டால் அது கடலை மடிக்கத்தான் ஆகும்.

வாங்க வருகிறவர்களோ ஒரு தினுசு. ஒருத்தருக்கு எண்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஒருத்தருக்கு நேற்று மதிலில் மோதிய லாரியின் நம்பர் வேண்டும். சிலர் கடைசி நான்கு எண் ஒன்றாக இருக்கும்படி செட்டாகக் கேட்பார்கள், விழுந்தால் சின்னப் பரிசாவது நாலைந்து சேர்ந்து விழட்டும் என்று. ஒரே நம்பர் வேறு வேறு எழுத்து வரிசைகளில் அச்சாகும். நம்பர் சரியாக இருந்து எழுத்தும் சரியாக இருந்தால்தான் முதல் பரிசு. எழுத்து மாறிப்போனால் ஆறுதல் பரிசு. ஆறுதல் என்று பேர் வைத்தவன் எவனோ, அவனுக்கு அது விழுந்திருக்காது.

புஷ்கரனுக்கு விழுந்தது. அங்கேதான் எல்லாம் ஆரம்பம். விலாசினி புதிதாக மேசை போட்ட சமயம். ஏஜென்சி நடத்தும் ஷிஹாப் ஒரு செட்டை இரண்டாகப் பிரித்து வைத்தான். "மூத்தவங்க நீங்க, நீங்களே முதல்ல எடுங்க சேட்டா" என்று விலாசினி ஒதுங்கி நின்றாள். புஷ்கரனும் பெரிய மனுஷத் தோரணையில் இரண்டையும் புரட்டிப் பார்த்து இடது பக்கத்தை எடுத்தான். முதல் பரிசு வலது பக்கத்தில் இருந்தது. அதே நம்பர், வேறு எழுத்து.

கோடி ரூபாய் வாங்கியவன் யாரோ அடூர்க்காரன். ஆனால் விற்ற கைக்கும் சர்க்கார் ஒரு பங்கு கொடுக்கும். விலாசினியின் ஓலைக்கூரை கான்கிரீட் ஆனது. அவள் மேசைக்கு மேல் அவள் படம் போட்ட பேனர் ஏறியது: "முதல் பரிசு விற்ற கை இங்கே!" அன்றிலிருந்து இருபது வருடப் பழக்கமுள்ள வாடிக்கைக்காரர்கள் புஷ்கரனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவளிடம் போய்ச் சீட்டு வாங்கினார்கள். அந்தக் கும்பிடுதான் எரிச்சல்.

அதையும் தாங்கினான். ஒருநாள் வீட்டு அரிசி டின்னில் கைவிட்டபோது மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் விலாசினியின் ரப்பர் முத்திரை.

"என்னடி இது?" என்றான் மனைவி சௌதாமினியிடம்.

"சீட்டு. தெரியலையா?"

"புருஷன் சீட்டு விக்கிறான், பொண்டாட்டி எதிர்க்கடையில வாங்குறா. ஊரு சிரிக்காது?"

"இருபது வருஷமா உங்க கையால எடுத்து வெச்சேனே, ஒரு குக்கராவது வந்துச்சா? அவ கைராசி அப்படி. உங்களுக்கு எரிஞ்சா நான் என்ன பண்ண?"

எரிந்தது. உண்மையிலேயே வயிறு எரிந்தது. அன்று அவன் மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. மீன் குழம்பை மட்டும் சாப்பிட்டான்.

அப்புறம் அவன் சும்மா இருக்கவில்லை. குடையைச் சாய்த்து வைத்து அவள் மேசையை மறைத்துப் பார்த்தான். அவள் ஒலிபெருக்கியில் "இன்னைக்கே... இன்னைக்கே..." என்று கூவினால் இவன் அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தினான். "அவகிட்ட ஒருதரம் விழுந்தாச்சு, இடி ஒரே தென்னையில ரெண்டு தடவை விழாது" என்று வருகிறவர் போகிறவரிடம் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நேரே அந்தத் தென்னைக்கே போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி வாக்கில், விலாசினி செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள்.

"சேட்டா, மகளுக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். இன்னைக்குக் கட்டு பெருசா எடுத்துட்டேன், அப்படியே இருக்கு. மூணு மணிக்குள்ள முடிஞ்சவரை தள்ளி விட்டுருங்க. இல்லேன்னா நான் செத்தேன்."

"குடு குடு, இதுல என்ன இருக்கு? நீ போயிட்டு வா மோளே" என்றான் புஷ்கரன். அவ்வளவு தேன் ஒழுகிய குரலை அவனே அதுவரை கேட்டதில்லை.

ஆட்டோ கண்ணை விட்டு மறைந்ததும் அந்தக் கட்டு அவன் பைக்குள் போனது. பைக்கு மேல் துண்டு. துண்டுக்கு மேல் முழங்கை. அவள் வாடிக்கைக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள்.

"விலாசினி சேச்சி சீட்டு இருக்கா?"

"அதெல்லாம் காலையிலயே தீர்ந்துருச்சு. இது எடுத்துக்குங்க, நல்ல நம்பர்."

வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். பல மாதத்துக்குப் பிறகு அவன் கட்டு மளமளவென்று கரைந்தது. பைக்குள் அவள் கட்டு ஒரு சீட்டுக் குறையாமல் கிடந்தது. மூன்று மணியை நினைக்க நினைக்க அவனுக்கு இனித்தது. பெரிய கட்டு. கைராசிக்காரி ஒருநாள் கையைச் சுட்டுக்கொள்ளட்டும்!

மூன்று மணிக்கு வர்கீஸ் டீக்கடை டிவியில் குலுக்கல். தன்னிடம் மிஞ்சியதைப் புஷ்கரன் சரிபார்த்தான், ஒன்றுமில்லை. அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது ஷிஹாபிடமிருந்து போன்.

"சேட்டா! அடிச்சாச்சு! முதல் பரிசு விலாசினி சேச்சி எடுத்த கட்டுல! அவங்க போனை எடுக்க மாட்டேங்குறாங்க. யாருக்கு வித்தாங்கன்னு விசாரிங்க, நான் செண்டைமேளத்துக்குச் சொல்லிடுறேன். அம்மாடியோ, என்ன கைடா அது!"

டீ இடுப்பில் கட்டிய முண்டில் கொட்டியது. சுட்டது தெரியவில்லை. மூத்திரச் சந்துப் பக்கம் போய் நின்று, கட்டின் ரப்பர் பேண்டை உருவினான். நடுவில் இருந்தது. நம்பர் சரி. எழுத்தும் சரி.

சீட்டில் யார் பேரும் கிடையாது. கையில் வைத்திருப்பவனுடையதுதான் சீட்டு. பின்பக்கம் தன் பேரை எழுதி முப்பது நாளைக்குள் கொடுத்தால் தீர்ந்தது. 'வழிப்போக்கன் எவனுக்கோ விற்றேன், எடத்துவாப் பக்கத்து ஆள்' என்று சொல்லிவிட்டு மச்சான் பேரில் வாங்கலாம். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? விற்ற பங்கு மறுபடி விலாசினிக்கு. மறுபடி பேனர். "இரண்டாம் முறையும் அதே கை!" தானே வாங்கிய கோடியை ஒளித்து வைத்துக்கொண்டு எதிரே அந்தப் பேனரைப் பார்த்து வாழ வேண்டும்.

கிழித்து ஓடையில் போட்டுவிட்டால்? தனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, அவளுக்கு இரண்டும் போகட்டும். விரல்கள் சீட்டின் ஓரத்தைப் பிடித்தேவிட்டன. அப்போதும் பேனர் ஏறும். கட்டு அவளுடையது என்று ஷிஹாபுக்குத் தெரியுமே. விற்றவள் அவள்தான் என்று ஊர் மேளம் கொட்டும்.

அப்போதுதான் அந்த மூன்றாவது யோசனை வந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் இந்தச் சீட்டை யாரும் விற்கவே இல்லை. விற்காத சீட்டுக்கு ஏது கைராசி, ஏது பேனர்? விற்கப்படாமல் கிடந்தது, அதுவும் புஷ்கரன் பையில் கிடந்தது. அதோடு, விற்காத சீட்டின் பரிசு காசு போட்டு எடுத்தவளுக்கே சேரும்; கோடி வாங்கியவள் இந்தப் புழுதியில் எதற்கு வந்து உட்காரப் போகிறாள்? எதிர்ப்பக்கம் காலியாகிவிடும்!

அந்த வேகத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். பிரசவ வார்டு வாசலில் விலாசினி உட்கார்ந்திருந்தாள்.

"விக்கலை மோளே. உன்னுதுதான். முதல்ல பின்னாடி பேரை எழுது."

அவள் சீட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நர்ஸ் வந்து அதட்டினாள்.

மறுநாள் பத்திரிகையில் புஷ்கரன் படம். கோடியைத் திருப்பிக் கொடுத்த நேர்மையாளன்! ஷிஹாப் பொன்னாடை போர்த்தினான். சௌதாமினி அரிசி டின்னில் ஒளித்திருந்த விலாசினி சீட்டையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, "நீங்களே ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்றாள். பழைய வாடிக்கை எல்லாம் திரும்பி வந்தது. "இத்தனை சீட்டையும் ஏன் விக்காம வெச்சிருந்தீங்க?" என்று யாருமே கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் புனலூர் பஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு வாரம் புஷ்கரன் மத்தியைக்கூட ருசித்துச் சாப்பிட்டான்.

எட்டாம் நாள் காலையில் விலாசினி வந்து மேசையை விரித்தாள். கோடீஸ்வரி கையால் சீட்டு வாங்கப் பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து வரிசை போட வேண்டியதாயிற்று.

புஷ்கரன் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றான். "உனக்கு என்ன கேடு? வீட்ல கால் நீட்டி உட்காரக் கூடாது?"

"போரடிக்குது சேட்டா. பேத்தி முழு நேரமும் தூங்குது." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லட்டா? என் ஆளுங்க உங்ககிட்ட வந்து கேட்டாங்களாம். தீர்ந்துருச்சுன்னு சொன்னீங்களாம்."

புஷ்கரன் பேனர் கட்டும் கம்பத்தைப் பார்த்தான்.

"வேற எவன்கிட்ட குடுத்திருந்தாலும் வித்துத் தொலைச்சிருப்பான். உங்க வயித்தெரிச்சல்தான் எனக்குக் கோடி குடுத்துச்சு. நல்லா இருங்க." அப்படிச் சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஒரு கட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "குழந்தைக்குப் பேர் வைக்கப் போறோம், மத்தியானம் நான் இருக்க மாட்டேன். இதையும் அப்படியே விக்காம வெச்சிருங்க, என்ன?"

தன் பொறாமைகூடத் தனக்கு உதவாமல் அவள் வீட்டில் போய் விளைந்திருக்கிறது! இதை எந்த மனுஷன் தாங்குவான்?

அன்று பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் இன்னமும் சொல்கிறார்கள், புஷ்கரன் அப்படிக் கூவி ஒருநாளும் பார்த்ததில்லை என்று. நகரத் தொடங்கிய பஸ்களின் பின்னால் முதுகு வலியோடு ஓடினான். "விலாசினி சீட்டு! கோடீஸ்வரி சீட்டு! எடுங்க, எடுங்க!" சில்லறை இல்லாதவர்களுக்குக் கடனுக்கே கொடுத்தான். மூன்று மணி அடிக்கும்போது அவள் கட்டில் ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. அவன் கட்டு அப்படியே இருந்தது.